முதல் பிரதி பெறுபவர்

முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எவ்வளவு நேரம்தான் மேடையில் உட்கார்ந்திருக்க முடியும்? சண்முகவடிவுக்குக் கன்னம் இரண்டும் வலிக்க ஆரம்பித்துவிட்டது. கீழே இருக்கிற அத்தனை பேரும் தன் முகத்தையே உற்றுப் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு நினைப்பு. அவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்ன, பாதிப் பேர் மின்விசிறிக்கு நேராக நாற்காலி பிடிக்க முடியாத வருத்தத்தில் இருந்தார்கள், மீதிப் பேர் காப்பி எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடியில், அதுவும் சித்திரை மாதத்தில், மாடி அரங்கத்தில் புத்தக வெளியீடு வைக்கலாம் என்று யாருக்குத்தான் தோன்றியதோ. பிடரியில் பொன்னாடை அரித்தது. பொன் என்று பெயர்தான், தொட்டால் பிளாஸ்டிக் பை மாதிரி சரசரக்கிறது. எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றால் பக்கத்து நாற்காலியில் லீமா ரோஸ் தன்னுடையதைப் போர்த்தியபடி கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறாள், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரியைப் பிள்ளையார் என்று சொல்லலாமா, சொன்னால் என்ன, மனசுக்குள்தானே. லீமாவின் பொன்னாடை அகலம் கூட. கரையும் பெரிது. நூலாசிரியர் அல்லவா. வடிவுக்குப் போர்த்தியது முதல் பிரதி பெறுபவருக்கான சின்ன ரகம். ஒரே கடையில்தான் வாங்கியிருப்பார்கள், இரண்டு விலையில் வாங்கியிருப்பார்கள், அதையெல்லாம் கவனிக்கிற வயசா இது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், கவனித்துக்கொண்டும் இருந்தாள்.

மடியில் கிடந்தது அந்த முதல் பிரதி. பளபளக் காகிதம் சுற்றி, ஊதா ரிப்பன் கட்டி, பிறந்தநாள் பரிசு மாதிரி கொடுத்து, இரண்டு பேருமாகப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்று, எல்லாம் ஆயிற்று. ‘கல்லும் கனலும் கம்பியும்: மனித முன்னேற்றத்தின் வரலாறு’. அறுநூறு பக்கத்துக்கு மேல். தொடை வியர்த்தது. பேராசிரியர் அந்தோணிமுத்து ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, தமிழில் இப்படியொரு நூல் வந்ததில்லை, ஒரு பெண் தனியாளாக இருந்து ஆதிமனிதன் தொடங்கி இன்றுவரை என்று ஏற்றி இறக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். தனியாளாக. அந்தச் சொல் வடிவின் நெஞ்சில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. தனியாளாம். ஆதிமனிதன் யார் என்று லீமாவுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, இரட்டைச் சடையும் ரிப்பனுமாக, மாதா கோயில் பக்கத்துத் தெருவிலிருந்து டெலிபோன் எக்சேஞ்சுக்கு வேலைக்கு வந்தபோது இவளுக்குக் குரங்குக்கும் மனுஷனுக்கும் என்ன உறவென்று தெரியுமா? கம்பியைச் செருகி லைன் கொடுக்கிற போர்டு பதினொன்று அந்த அறையில். நடு போர்டு வடிவுக்கு. சுவரோரம் கடைசி போர்டு லீமாவுக்கு. வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எக்சேஞ்சில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடந்த காலம் அது. தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, லைன் கிடைக்கிறவரைக்கும் சும்மா இருக்கிற நேரத்தில்தான் வடிவின் கதை நடக்கும். முதல் சம்பளத்தில் புத்தக வண்டியில் வாங்கிய கெட்டி அட்டைப் புத்தகங்கள், மனிதன் எப்படி நிமிர்ந்து நின்றான், எப்படி விதைத்தான், எப்படி எழுதினான், எல்லாம் பழுப்புத்தாள் அட்டை போட்டு அவளுடைய பைக்குள்ளேயே இருக்கும், ஒருத்தியையும் தொட விட்டதில்லை. படிப்பது அவள். சொல்வதும் அவள். உப்பு வியாபாரி ஒருவர் கல்கத்தாவுக்குப் பேச அவசரப்படுவார், வடிவு “லைன் பிஸி சார், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுப் பனியுகத்தை முடித்துவிட்டுத்தான் கம்பியைச் செருகுவாள். சூப்பர்வைசர் அம்மாகூட ஒரு நாள் பின்னால் வந்து நின்று அதட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்களே அத்தனை பேரும். பிச்சம்மாள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கேட்பாள், ராசாத்தி சிரிக்கிற இடத்தில் போர்டே அதிரும், அந்தோணியம்மாள் கண்ணைத் துடைப்பாள். லீமாவும் கேட்டிருப்பாள். கேட்காமலா இன்றைக்கு இந்த அறுநூறு பக்கம் வந்தது.

ரிப்பன் முடிச்சு அவிழவில்லை. நகத்தால் நெம்பினாள். பேராசிரியர் இப்போது வேளாண்மைக்கு வந்திருந்தார், தொழிற்புரட்சிக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது. மேடையில் உட்கார்ந்து பரிசுக் காகிதத்தைக் கிழித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், ஆர்வம் தாங்கவில்லை என்று நினைக்கட்டும். கிழித்தாள். சர்ரென்ற சத்தம் ஒலிபெருக்கியில் கூடக் கேட்ட மாதிரி இருந்தது. லீமா திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தாள், வடிவு ஏற்கெனவே ஒட்டிவைத்திருந்த சிரிப்பை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தினாள். நேராக நன்றிப் பக்கம். புத்தகம் கையில் வந்தால் எல்லாரும் முதலில் தேடுவது தன் பெயரைத்தானே, இதில் வெட்கம் என்ன. நூலகர் இருவருக்கு நன்றி. பங்குத்தந்தைக்கு. தம்பி சேவியருக்கு. அச்சகத்தாருக்கு. தட்டச்சு செய்துதந்த மரிய கொரற்றிக்கு. அதற்கு அப்புறம், எக்சேஞ்சில் எப்போதும் பேசிக்கொண்டே இருந்த வடிவக்காவுக்கு. அதற்குக் கீழே, எழுதுகிற நாளெல்லாம் சுக்குக்காப்பி போட்டுத்தந்த பக்கத்து வீட்டு ஞானத்துக்கு. தட்டச்சுக்கும் சுக்குக்காப்பிக்கும் நடுவில் ஒரு வரி. எப்போதும் பேசிக்கொண்டே இருந்த. இதென்ன வார்த்தை? புகழ்ச்சியா, குத்தலா? பேசிக்கொண்டே இருந்த என்றால் என்ன அர்த்தம், வாயாடி என்றா? கதை சொன்ன என்று எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா? இந்த ஆர்வத்தை எனக்குள் விதைத்த என்று எழுதுவார்களே எல்லாரும், அப்படி ஒரு விதை இவளுக்குக் கிடைக்கவில்லையா? நாலாவது முறை படித்தபோது அந்த வரி கொஞ்சம் நல்லதாகத் தெரிந்தது. ஐந்தாவது முறை முன்பைவிட மோசமாகத் தெரிந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது, வந்ததும் உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி. சக்கரம். உப்பு. அந்த இரண்டையும் பார்த்தால் போதும், கள்ளி அகப்பட்டுவிடுவாள். வடிவின் கதைகளில் எல்லாமே புத்தகத்தில் இருந்தவை என்று சொல்ல முடியாது. புத்தகம் சில இடத்தில் வறவற என்று இருக்கும், கேட்கிறவளுகள் கண் சொருகும், அப்போது கொஞ்சம் உப்புப் புளி சேர்க்காமல் எப்படி? சக்கரத்தைக் கண்டுபிடித்தது ஒரு பெண்பிள்ளை என்று அடித்துவிட்டாள். பிள்ளை நுங்கு தின்றுவிட்டு மிஞ்சிய வெறுங்கூட்டில் குச்சியைச் செருகி வண்டி உருட்டி விளையாடியதைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் சுமந்து வந்தவள், குடத்தை இறக்கிவைத்துவிட்டு யோசித்தாளாம். நுங்கு வண்டியிலிருந்து மாட்டு வண்டி. என்ன ஆரவாரம் அன்றைக்கு! சக்கரம் பிறந்த சுமேரியாவில் பனைமரம் ஏது, நுங்கு ஏது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. உப்பு இன்னும் அருமை. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து அழுதுகொண்டே கறி வேகவைத்தவளின் கண்ணீர் சட்டியில் விழுந்ததாம், தின்றவன் இன்றைக்கு என்ன ருசி என்று கேட்டானாம். அந்தோணியம்மாள் அன்று போர்டிலிருந்து எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். இந்த இரண்டும் உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் இல்லை, வடிவின் வாயில் மட்டும்தான் பிறந்தன. இதில் ஒன்று அச்சில் இருந்தாலும் போதும். வெளியே சொன்னால் தன் பொய்யும் அம்பலமாகும், போகட்டும், யாரிடமும் சொல்ல வேண்டாம், தனக்குத் தெரிந்தால் போதும், என்னிடம்தான் எடுத்தாய் என்று ராத்திரி படுக்கும்போது நினைத்துக்கொண்டால் போதும். அவசரமாகச் சக்கரத்தின் அத்தியாயத்தைப் புரட்டினாள். குயவர் சக்கரம்தான் முந்தியது என்கிறார்கள். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கிடைத்த சான்று இது, கிடைக்காதது இது. அடியில் பொடி எழுத்தில் நாலு குறிப்பு. நுங்கும் இல்லை, வண்டியும் இல்லை. உப்புக்குப் போனாள். பக்கம் பக்கமாகப் பாளம், சுரங்கம், வரி, உப்பு ஏற்றிப் போன வண்டித்தடம், கடைசியில் நம்மூர் உப்பளத்தில் காலில் புண்ணோடு நிற்கிற பெண்கள். கண்ணீர் ஒரு சொட்டு இல்லை. ஆனால் அந்தப் பெண்களைப் பற்றிய பாராவைப் படித்து முடித்ததும் வடிவு மறுபடி அதன் முதல் வரிக்கே போய்ப் படித்தாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நன்றாக இருக்கிறது பாவி எழுதியிருப்பது. பொய் இல்லாமலே நன்றாக இருக்கிறது.

திருடியிருந்தால்கூடப் பரவாயில்லையே. திருட்டுக் கொடுத்தவளுக்காவது ஒரு மரியாதை உண்டு, ஐயோ பாவம் என்பார்கள், வயிறெரிய ஒரு காரணம் இருக்கும். லீமா ஒரு துரும்பைக்கூட எடுக்கவில்லை. எல்லாவற்றையும் தேடி, சரிபார்த்து, வடிவின் சரக்கை மட்டும் பார்த்துப் பார்த்துக் கழித்துப்போட்டிருக்கிறாள், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி. அப்படியானால் தெரிந்துவிட்டதா? அத்தனையும் புளுகு என்று இத்தனை வருஷமும் தெரிந்துகொண்டேதான் வீட்டுக்கு வந்து “வடிவக்கா, நீங்கதாம் மொதப் பிரதிய வாங்கணும், வேற யாரையும் எனக்கு நெனைக்க முடியல்ல” என்று கையைப் பிடித்தாளா? எண்களைச் சுழற்றினால் தானாகவே ஊர் கிடைக்கும் என்று வந்தபோது போர்டெல்லாம் போயிற்று, ஆளுக்கொரு பக்கம் போட்டார்கள். வடிவு புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, போன் வேலை செய்யவில்லை என்று வருகிற வசவை வாங்கியே ஓய்வு பெற்றாள். லீமா முன்னதாகவே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தபாலில் எம்.ஏ. படித்தாள் என்று கேள்விப்பட்டபோது வடிவு சிரித்தாள், இந்த வயசில் என்னத்துக்கு என்று. இப்போது வீட்டில் இவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் மருமகள் காதில் எதையோ செருகிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுகிறாள். ஒரு காலத்தில் பத்துப் பேர் ஒரு காதில் ஹெட்செட்டை ஒதுக்கிவிட்டுக் கேட்ட வாய். செத்துப்போனால் என்ன மிஞ்சும்? அவளுக்கு அறுநூறு பக்கம் மிஞ்சும். எனக்குச் சுக்குக்காப்பிக்கு மேலே ஒரு வரி மிஞ்சும். பொறாமைதான், வேறென்ன, பச்சைப் பொறாமை, எழுபது வயசுக்கு மேல் வந்து நெஞ்சில் குந்தியிருக்கிறது, இறங்கு என்றால் இறங்கமாட்டேன் என்கிறது. லீமாவின் கண்ணாடிகூட அழகாக இருந்தது. அவள் காலில் வெடிப்பு இல்லை. பேராசிரியர் தனியாளாக என்று இன்னொரு தடவை சொன்னார்.

“அடுத்து, நூலின் முதல் பிரதியைப் பெற்றுக்கொண்ட சண்முகவடிவு அம்மா சில வார்த்தைகள் பேசுவாங்க. அம்மா, நேரமாயிட்டு, சுருக்கமா.” எழுதி வைத்திருந்த தாள் கைப்பையில் இருந்தது, அவையோர் அனைவருக்கும் என்று தொடங்குகிற தாள். எடுக்கவில்லை. முழங்கால் மடக்கென்றது, எழுந்தாள், ஒலிபெருக்கியின் இரும்புக் கம்பியைப் பிடித்தாள், கம்பி சூடாக இருந்தது. எதிரே கொட்டாவிகள். பேராசிரியர் தூங்கவைத்துவிட்டுப் போன கூட்டம். அதைப் பார்த்ததும் அவளுக்குள் பழைய பசி ஒன்று எழுந்தது. கண் சொருகுகிறவர்களைப் பார்த்தால் அவளால் சும்மா இருக்க முடியாது, ஒருநாளும் முடிந்ததில்லை. “இந்தப் புஸ்தகத்துல ஒரு எடம் வருது” என்று ஆரம்பித்தாள். எந்த இடம் என்று அவளுக்கே தெரியாது. “மொத நெருப்பு மின்னல் குடுத்தது. அதுல மனுஷன் சாமர்த்தியம் ஒண்ணும் கெடையாது. மரம் எரிஞ்சுது, ஒருத்தி ஒரு கொள்ளிய எடுத்துட்டுக் குகைக்குப் போனா. சுள்ளி போட்டா, அணையாமப் பாத்துக்கிட்டா. ஊரே அவ வாசல்ல நிக்கி. கறி சுடணுமா, அவ. குளிர் காயணுமா, அவ. ராணி மாதிரி நடு மத்தியில உக்காந்திருக்கா. பக்கத்துக் குகையில இன்னொருத்தி.” இங்கே ஒரு நிறுத்தம். கொட்டாவி விட்ட வாய்கள் மூடியிருந்தன. “அவளுக்கும் குளிரத்தான் செய்யுது. போய்க் கேட்டா ஒரு கங்கு குடுத்திருப்பா. இவளுக்குக் கேக்க மனசு வரல. அவ வாசல்ல போயி நிக்கதுக்கு வெறச்சே செத்துரலாம்னு இருக்கு. இருட்டுல ஒக்காந்து ஒரு கல்லத் தூக்கி இன்னொரு கல்லு மேல அடிச்சா. நெருப்பு வரும்னு நெனச்சா அடிச்சா? அதெல்லாம் இல்ல. ஆத்திரம். நாள் கணக்கா அடிச்சா. கையெல்லாம் கிழிஞ்சு போச்சு. ஒருநாள் பொறி பறந்துது. மனுஷ சாதி தானா உண்டாக்குன மொத நெருப்பு அதாம் அம்மா. மின்னல் குடுத்தது இல்ல, சாமி குடுத்தது இல்ல. பொறாம குடுத்தது. பொறாம இல்லேன்னா நாமெல்லாம் இன்னும் அவ வாசல்லயே நின்னுட்டிருப்போம்.” ஒரு கணம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியை அவள் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்கவில்லை. பிறகு அரங்கமே சிரித்துக் கைதட்டியது, வாசலில் காப்பித் தட்டோடு நின்றவர்கூடத் தட்டை வைத்துவிட்டுத் தட்டினார். தன் வயிற்றுக்குள் கிடந்ததைத்தான் எடுத்துச் சொல்லிவிட்டு வந்தோம் என்று நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் வடிவுக்கு உறைத்தது. லீமாவின் பக்கம் அவள் திரும்பவில்லை.

லீமா ஏற்புரையை இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொண்டாள். நாட்டுப்பண் பாடிக் கூட்டம் கலைந்தது, காப்பிக்கு ஒரு பக்கம், புத்தக மேசைக்கு ஒரு பக்கம். மேடையை விட்டு இறங்கும்போது பேனாவும் பிரித்த புத்தகமுமாக ஒரு பெரியவர் மறித்தார், சட்டைப்பையில் கண்ணாடிக் கூடு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று நெற்றியிலேயே எழுதியிருந்தது. “அம்மா, அந்த ரெண்டாவது குகைக்காரி எந்தப் பக்கத்துல வாரா? நெருப்பு அத்தியாயம் பூரா பாத்துட்டேன், காணல.” இந்த வயசில், இத்தனை பேருக்கு நடுவில், புளுகி அகப்பட்டுக்கொண்டோம். பொய் சொல்ல வடிவுக்கு எப்போதும் கதை வரும், ஒரு பக்க எண் வரவில்லை. கூடவே இறங்கிவந்த லீமாதான் பதில் சொன்னாள்.

“அது புஸ்தகத்துல இல்ல சார். வடிவக்கா கதை அது. இப்பம் மேடையில வச்சுத்தான் உண்டாக்குனாங்க.”

“அப்படியா!” பெரியவருக்குக் கோபம் வரவில்லை, முகம்தான் மலர்ந்தது. கையிலிருந்த அறுநூறு பக்கத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “அப்பம் இவங்க எழுதுன புஸ்தகம் எங்க கெடைக்கும்?”

லீமாவின் உதட்டில் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. கண் மட்டும் வேறு மாதிரி ஆயிற்று. அந்தப் பார்வையை வடிவுக்கு நன்றாகத் தெரியும், விழா தொடங்கியதிலிருந்து அதைத்தான் தன் முகத்தில் வராமல் அமுக்கிக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், உச்சந்தலைவரைக்கும் சந்தோஷமாக இருந்தது.

“அவங்க எழுதல்ல சார்” என்றாள் லீமா. “அவங்களுக்கு எதுக்கு? வாயத் தொறந்தா பத்துப் பேரு வேலைய விட்டுட்டுக் கேப்பாங்க. கடைசி போர்டுல இருந்து நானும் சொல்லிப் பாத்தேன். வீட்டுல படிச்சிட்டு வந்து, சரியாத்தாம் சொன்னேன். ஒருத்தியும் திரும்பல. அக்காவும் திரும்பல. அதாம் நான் ஒக்காந்து எழுத வேண்டியதாப் போச்சு.”

பெரியவர் இதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுக் கையெழுத்துக்குப் புத்தகத்தை நீட்டினார். லீமா குனிந்து பெயர் கேட்டு எழுதினாள். வடிவு பக்கத்திலேயே நின்றாள். சொன்னாளா இவள், எப்போது சொன்னாள், என்ன சொன்னாள்? அந்த அறை அப்படியே இருந்தது அவளுக்குள். பிச்சம்மாளின் இருமல் கேட்டது. ராசாத்தியின் சிரிப்பு கேட்டது. கல்கத்தாவுக்குக் காத்திருந்த வியாபாரியின் ஹலோ ஹலோகூடக் கேட்டது. சுவரோரம் இரட்டைச் சடையைத் திருப்பிக்கொண்டு ஒரு பெண் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது, கை அசைந்தது. வடிவு கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவோ முயன்று பார்த்தாள். லீமா பேசியதில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை.